பதினான்கு அங்குலம்

அவருக்கு ஊர் வைத்த பெயர் அங்குலம். படத்துக்கும் கண்ணாடிக்கும் பிரேம் போடுகிறவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொண்டால் இவர் பையில் அளவு டேப் இருக்கும். பேசிக்கொண்டே எதையாவது அளப்பார். காய்ச்சல் என்று போன இடத்தில், டாக்டர் ஒரு கையில் நாடி பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கையால் டாக்டரின் மேஜையைச் சாண் போட்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில், வங்கிக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் அவர் கடை. சுவர் முழுக்கப் பிரேம்களின் மூலைத் துண்டுகள் ஆணியில் தொங்கும். பசை வாசனையும் மரத்தூள் வாசனையும் வாசலிலேயே வரவேற்கும். அவர் சேர்த்த மூலையில் மயிரிழை நுழையாது. அது உண்மை, அவரே சொல்லிச் சொல்லி அலுக்காத உண்மை. படத்தைக் கொண்டுவருகிறவர்களிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள், அங்கே எவ்வளவு இடம் என்றுதான் கேட்பார். ரொம்பச் சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கே போய்ச் சுவரை அளந்துகொண்டு வருவார். சுவர் தப்பு செய்யாது, படம் போடுகிறவர்கள்தான் கண்டபடி போட்டுவைக்கிறார்கள் என்பது அவருடைய தீர்மானமான கட்சி.

வீட்டில் மனைவி, மகள், மகன், பிறகு அக்கா. அக்கா அவருக்கு ஐந்து வயது மூத்தவள். அம்மா போனபோது இவருக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினான்கு. அப்பா இருந்தும் இல்லாத மாதிரிதான். அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் எடைபோட்டு அனுப்புகிற வேலை. இவரைப் படிக்கவைத்தாள், தொழில் கற்கவைத்தாள், கல்யாணம் செய்துவைத்தாள், இவர் குழந்தைகளைக் குளிப்பாட்டினாள். இதையெல்லாம் இவர் யாரிடம் வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வார். எங்க அக்கா மாதிரி உண்டா என்பார். பாராட்டுவதில் அவர் ஒரு நாளும் கஞ்சத்தனம் செய்ததில்லை. பாராட்டிவிட்டால் ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஆட்களில் அவரும் ஒருவர்.

அக்காவைக் கேட்டு ஒருவர் வந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். வெளியூர்க்காரர், தனிக்கட்டை, துறைமுகத்துப் பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் இருந்தார். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் படுத்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் பழக்கம். அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு. வெறுங்கையோடு வரக் கூசியோ என்னவோ, மெக்கானிக் ஒரு பழைய காலண்டர் படத்தைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இதுக்கு பிரேம் போடணும் என்றார். எந்தச் சுவர் என்று அங்குலம் கேட்டார். சுவரைப் பற்றி மெக்கானிக் யோசித்திருக்கவே இல்லை. நெற்றி வியர்வையைக் கிரீஸ் கையால் துடைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

அங்குலம் முகத்தைச் சுளிக்கவில்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மகள் பிறந்து நான்கு மாதம், மனைவிக்கு உடம்பு தேறவில்லை, வீடே அக்கா கையில்தான் ஓடுகிறது, கொஞ்சம் போகட்டுமே என்றார். மெக்கானிக்கும் சரி என்று போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து இன்னொரு படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சமயம் அப்பா படுத்த படுக்கை. தூக்கி உட்காரவைக்க அக்காவை விட்டால் ஆள் இல்லை. அதைச் சொன்னார் அங்குலம். சொன்னது எதுவும் பொய்யில்லை. அதுதான் இதில் பெரிய சங்கடம். இரண்டு தடவையும் மெக்கானிக்கின் படத்துக்கு நல்ல பிரேமாகப் போட்டுக் கொடுத்தார். அக்காவிடம் மட்டும், இப்படி ஒருவர் வந்து கேட்டார், உனக்கு என்ன தோன்றுகிறது என்று இரண்டு தடவையும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை மெக்கானிக் வரவில்லை. வேகம் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் இவர்.

அதற்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் புயல். மூன்று படகுகள் கடலில் மாட்டிக்கொண்டன. ஊரே கரையில் போய் நின்றது. அங்குலம் போகவில்லை. கடைக்குள் தண்ணீர் ஏறி, அட்டைகளையும் மரங்களையும் மேலே தூக்கி அடுக்குவதற்கே அவருக்கு இரண்டு கை போதவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு படகுகள் அடிபட்டு வந்து சேர்ந்தன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் கரைப் பக்கம் போனார். போனாலும் மணலில் இறங்கவில்லை. சாலையில் நின்றபடியே அக்காவைத் தேடினார். பெண்கள் கூட்டமாக நின்ற இடத்தில் அவள் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கமாக, தனியாக நின்றுகொண்டிருந்தாள். அக்கா, பசங்க பசியோட இருக்காங்க, வா என்று இங்கிருந்தே கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள், வந்தாள், வழியில் ஒன்றும் பேசவில்லை. ஊரில் யாரும் பேசுகிற நிலையில் இல்லாததால் அவருக்கு அது விசேஷமாகப் படவில்லை.

மூன்றாவது படகு வரவே இல்லை. ஏழு பேர். ஏழாவது ஆள் மெக்கானிக். எஞ்சின் இருமிக்கொண்டே இருக்கிறது, ஒரே ஒரு நடை கூட வாருங்கள் என்று படகுக்காரர் அழைத்துப் போயிருந்தார். ஆறு வீட்டில் அழுகை. ஏழாவது ஆளுக்கு வீடில்லை. நான்காவது நாள் சாப்பிடும்போது அங்குலம் அதைச் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டார். பாவம், அழக்கூட ஆளில்லாத மனுஷன் என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். இதை இங்கே சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவருக்கு அது ஞாபகம் வந்தது பின்னால்தான், வந்த பிறகு போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் ஒருவர் இருந்தார். அந்த இரண்டு நாளும் கரையில் நின்றவர். முதல் நாள் நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கப்போய், யாரோ நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார்களாம். நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மற்றவர்களைப் போலச் சும்மா நின்றாராம். அதற்குப் பிறகு மூன்று வருஷம், பெரிய கான்வாஸ் துணி ஒன்றை வீட்டுச் சுவரில் குத்திவைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். தூரிகையைவிடக் கத்தியைத்தான் அதிகம் பிடித்திருப்பார். சாயத்தை அள்ளி அப்பியிருந்தார். கடல் நீலமாக இல்லை. கரும்பச்சையும் சாம்பலுமாக, மேலே வந்து விழப்போகிறது போலிருந்தது. வானம் தலையை இடித்தது. கரையில் முப்பது நாற்பது பேர். ஒருவருக்கும் முகம் கிடையாது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தீற்றல், அவ்வளவுதான்.

துறைமுக அலுவலகம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டது. போன ஏழு பேர் நினைவாக, ஜனங்கள் வந்து உட்காருகிற கூடத்தில் மாட்ட ஏற்பாடு. வேலை அங்குலத்துக்கு வந்தது. துணியைச் சுருட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். டீச்சர் வரவில்லை. இடுப்பில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அங்குலம் படத்தை விரித்துப் பார்த்தார். மூக்கும் இல்லை, முழியும் இல்லை, இதுக்கு மூணு வருஷமா என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு வழக்கம் போல் கூடத்துக்குப் போய்ச் சுவரை அளந்தார். இரண்டு ஜன்னலுக்கு நடுவே சரியாக ஒன்பதடி. படம் ஒன்பதரை. பிரேமுக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் போனால், படத்தில் பதினான்கு அங்குலம் அதிகம். எதிர்ச் சுவர் பன்னிரண்டு அடி, தாராளமாக இருந்தது. ஆனால் அங்கே அலுவலகத்தின் பெரிய கடிகாரமும் அறிவிப்புப் பலகையும் இருந்தன. கடிகாரத்தை நகர்த்தலாமா என்று கேட்டால் அதிகாரி ஒரு மனு எழுதச் சொல்வார், மனு மேலே போகும், கீழே வரும். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

துணியை இழுத்துக் கட்ட உள்ளே ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தில் சுற்றி மடித்துப் பின்னால் ஆணி அடிப்பார்கள். வரைகிறவர்கள் அதற்கென்று ஓரத்தில் வெறும் துணி விடுவது வழக்கம். டீச்சர் விடவில்லை, விளிம்பு வரை வண்ணம். அப்படி வந்தால் ஓரத்தில் வேறு துணி ஒட்டி, அதை மடித்து அடிக்கலாம். இரண்டு நாள் கூடுதல் வேலை, அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பதினான்கு அங்குலம் எப்படியும் குறைந்தாக வேண்டும் என்றபோது ஒட்டு வேலை எதற்கு? வலது பக்கம் பார்த்தார், படகுக்காரர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். கை வைக்க முடியாது. இடது பக்கம் வெறும் மணல். மணலில் கறுப்பாக, செங்குத்தாக ஒரு கோடு. படகு கட்டுகிற கட்டை. போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன் என்று மனைவி சொன்னாள். ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கிறவர்களை இதற்கெல்லாம் தொந்தரவு செய்வார்களா என்று அவள் வாயை அடைத்தார். யாரையும் எதையும் கேட்காமலிருக்க அவருக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும். அடுத்தவர் நலனைத்தான் பார்ப்பார்.

இடது ஓரத்தை மடித்தார். தடித்த சாயம் லேசில் மடியவில்லை. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினார். பிறகும் மடிப்பில் மொறுமொறுவென்று சத்தம் வந்தது. பின்பக்கம்தானே, யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று இடுக்கியால் இழுத்து ஆணி அடித்தார். மூலையில் ஆப்பு வைத்துத் தட்டினார். துணி தம்பட்டம் போல் விறைத்து நின்றது. அவருக்கு அது ரொம்பத் திருப்தி.

மதியம் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். அவள் அந்தப் படத்தை ஏற்கெனவே டீச்சர் வீட்டில் பார்த்திருக்கிறாள் என்பது இவருக்குத் தெரியாது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் முன் நின்றாள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து இடது ஓரத்தில் நின்றுவிட்டாள்.

“இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருந்துச்சே, தம்பி?”

“இருந்துச்சு. வெறும் மணல். ஒரு கட்டை நட்டு வச்ச மாதிரி ஏதோ இருந்துச்சு. அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மடிச்சு உள்ள அடிச்சுட்டேன்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “கட்டையா,” என்றாள். பிறகு, “சரி, சாப்பாடு ஆறுது,” என்று பாத்திரத்தைத் திறந்து வைத்தாள்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார். காலையிலிருந்து வேலை, நல்ல பசி.

படத்தை மாட்டிய நாள் கூடம் நிரம்பி வழிந்தது. முகமில்லாத படத்தில் யாரை யார் அடையாளம் காணப் போகிறார்கள் என்று அங்குலம் நினைத்திருந்தார். ஐந்து நிமிஷத்தில் அவர் நினைப்பு பொய்த்துப் போனது. இடுப்பில் கை வைத்து நிற்கிற விதத்தைப் பார்த்தே, அது எங்க அம்மா என்று ஒருத்தி சொன்னாள். பேக்கரிக்காரர் தன் தொப்பையைத் தானே கண்டுபிடித்து, இவ்வளவு பெரிசாவா இருக்கு என்று குறைப்பட்டார். பின்னால் ஒருத்தர் தோளில் தொங்குகிற குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறது. அதைத் தூக்கிக் காட்டினார்கள். சிரித்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தவர்களே அழுதார்கள். ஒவ்வொருவரும் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து, கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

டீச்சர் ஊன்றுகோலோடு வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். படத்தின் ஒரு கோடியிலிருந்து மெதுவாக நடந்துவந்தவருக்கு, இடது கோடிக்கு வந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பிரேமின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். அங்குலத்தைத் தனியே ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பிற்பாடு இவர் நினைத்தார்.

“இங்க நின்னவங்க எங்க?”

“யாரு டீச்சர்? மணல்தான் இருந்துச்சு. ஒரு கட்டை.”

“உங்க அக்காங்க அது.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் சொன்னார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வந்தார்கள், மாறி மாறி நின்றார்கள், உங்கள் அக்கா இரண்டு நாளும் அதே இடத்தில் நின்றார்கள். கூட்டத்தோடு வந்து நில்லுங்கள் என்று நானே போய்க் கூப்பிட்டேன், அவங்க எல்லாம் வீட்டு ஆளுக்காக நிக்கறாங்க, நான் அங்க எப்படி நிக்கறது என்றார்கள். படத்தில் முதலில் வரைந்தது அவர்களைத்தான், மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

யாருக்காக நின்றாள் என்று இவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. “மெக்கானிக்குக்காக,” என்றார் டீச்சர், “படம் பாக்க வந்தப்போ அவங்களே சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நினைச்சேன்.”

அங்குலம் கதவோரம் பார்த்தார், நாற்காலி காலி. பசங்க ஸ்கூல் விட்டு வருவாங்கன்னு அண்ணி கிளம்பிட்டாங்க என்று மனைவி வந்து சொன்னாள்.

மறுநாள் காலையில் கூடம் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். அதிகாரியிடம் போய், பிரேமில் தப்பு செய்துவிட்டேன், படத்தை இறக்கணும், எதிர்ச் சுவரில் மாட்டணும், கடிகாரத்தை நகர்த்தணும் என்று ஒரே மூச்சில் சொன்னார். தப்பு செய்தேன் என்று அவர் வாயால் கேட்டது அதிகாரிக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். தாராளமா நகர்த்துங்க, அது ஓடியே ஒரு வருஷம் ஆச்சு என்றார். மனுவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஓர் ஏணியும் இரண்டு ஆளும் போதுமாக இருந்தது. ஒன்றரை மணி நேர வேலை.

படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து குப்புறப் போட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சட்டத்தின் பின்விளிம்பு சரியாக அந்தக் கறுப்புக் கோட்டின் மேலேயே இருந்திருக்கிறது. துணி விரிய விரிய, சாயம் பொருக்குப் பொருக்காகக் கழன்று மேஜையில் கொட்டியது. கையை வைத்துத் தடுக்கப் பார்த்தார், கையோடும் கொஞ்சம் வந்தது. மிஞ்சியது ஒரு தோள்பட்டை, சேலையின் கீழ் ஓரம். அந்தத் தோள்பட்டையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பார்த்த தோள்பட்டை. சாலையில் நின்று கத்திக் கூப்பிட்டாரே, அன்றைக்குத் திரும்புவதற்கு முன்னால் பார்த்த தோள்பட்டை. முழுசாக இருந்தபோது கட்டை என்று சொன்னவருக்கு, உடைந்த பிறகு அடையாளம் தெரிந்தது. கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நாற்பத்தொரு வயதில் வாய்விட்டு அழுதார்.

செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார். ஓரத்தில் துணி ஒட்டி, மடிக்காமல் முழுப் படத்தையும் இழுத்துக் கட்டி, புதுப் பிரேம் போட்டு, எதிர்ச் சுவரில் மாட்டினார். இடது ஓரத்தில் ஆள் நின்ற இடம் மட்டும் வெறும் துணியாகத் தெரிந்தது. டீச்சர் வீட்டுக்குப் போய், மறுபடி வரைந்து தரமுடியுமா என்று கேட்டார். டீச்சருக்குக் கோபம் இல்லை, அலுப்பாக இருந்தது.

“வரையலாம். அவங்க வந்து கொஞ்ச நேரம் நிக்கணும். மூஞ்சி ஞாபகம் இருக்கு, நின்ன விதம் மனசுல இல்லை. வரைஞ்சு முடிச்சதும் எனக்கு மறந்துடும்.”

ஆக, அக்காவைக் கேட்க வேண்டும். இதிலென்ன கஷ்டம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். அக்காவிடம் அது வேணும் இது வேணும் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவர்தான். உனக்குச் சம்மதமா என்று கேட்டுப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு நாள் மென்று விழுங்கினார். வீட்டுக்குள் அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதோ தேடுகிறவர் மாதிரி அலமாரியைத் திறந்து மூடினார். அவள் ஒன்றும் தெரியாதது போல் வேலைக்குப் போனாள், வந்தாள், பசங்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்குலம் எதிரே போய் உட்கார்ந்தார். ஒரு பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். அவர் அந்த வீட்டில் காய்கறியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். மடித்தது, பிரித்தது, சாயம் கொட்டியது, டீச்சர் சொன்னது. நான் பண்ணினது மன்னிக்கிற காரியமில்லை என்றார். கடைசியாகக் கேட்டார்: “டீச்சர் மறுபடி வரையறேங்கறாங்க. நீ வந்து நிப்பியா, அக்கா? உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்.”

அக்கா கத்தியை நிறுத்தி யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள், வீம்புக்குச் சொல்லவில்லை.

“வேண்டாம்டா. அன்னைக்கு யாரும் உத்துப் பாக்கலைன்னு நினைச்சு நின்னேன். இப்ப ஒருத்தர் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுகிட்டு அப்படி நிக்க வராது.”

வற்புறுத்துகிற வாய் அவருக்கு உண்டு, அன்றைக்கு அது திறக்கவில்லை. வருஷக்கணக்காகக் கேட்காத இன்னொன்றையும் கேட்டுவிட்டார். இரண்டு தடவை வந்தவர் மூன்றாவது தடவை ஏன் வரவில்லை?

“வர்றதாத்தான் இருந்தார். ஐஸ் ஏத்த வந்தப்போ சொன்னார், இந்த நடை போயிட்டு வந்ததும் உன் தம்பிகிட்ட பேசறேன்னு. இந்தத் தடவை படம் கொண்டுபோக மாட்டேன், என் ரூம்ல மாட்ட இடமில்லைன்னு சொல்லிச் சிரிச்சார்.” சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. பீன்ஸைத் தட்டில் தள்ளிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கறேன். அவர் திரும்பி வந்து கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மூன்று வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி. சரின்னு சொல்லியிருப்பேன் அக்கா, சந்தோஷமா அனுப்பியிருப்பேன் என்ற பதில் அவர் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் மனசு கொஞ்சம் ஆறலாம். அந்தப் புயல் வருஷத்தை நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு மேலே மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கடையில், மனைவி தையல் கிளாஸில். கொத்தனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, கூடவே நின்று வேலை வாங்கியது அக்காதான்.

“மாடி கட்டி முடியட்டும்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு,” என்று சொல்லிவிட்டு அடுத்த பீன்ஸை எடுத்தாள்.